மீன் ரூமுக்கு மினரல் வாட்டர்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு மூக்கில் கொஞ்சம் திமிர் உண்டு. பஸ்சை விட்டு இறங்கினாலே ஏலக்காய் மணக்கும். கடைத்தெருவில் மணக்கும், பேங்கில் மணக்கும், சண்டைக்கு வருகிறவன் சட்டையிலும் மணக்கும். அப்படிப்பட்ட ஊரில், ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, செத்த மீன்களுக்குக் காவல் இருக்கிறவருக்குக் கட்டி வைத்தார்கள். கல்லூரியில் உத்தியோகம் என்றார்கள். என்ன உத்தியோகம் என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்லூரியில் விலங்கியல் துறைக்குப் பின்னால் ஒரு நீள அறை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சாடிகள். வைகையில் பிடித்தது, கொட்டகுடி ஆற்றில் பிடித்தது, மலை ஓடையில் பிடித்தது என்று சாடிக்கொரு வகை மீன். அழுகாமலிருக்கப் பார்மலின் கலந்து ஊற்றியிருக்கும். மூடி இறுகியிருக்கிறதா, மருந்து குறைந்திருக்கிறதா என்று இவர் பார்ப்பார். மறுநாளும் அதையே பார்ப்பார். பெற்ற தாயைக்கூட இந்த மனுஷன் இப்படிக் கவனித்ததில்லை.

அந்த வாடை இருக்கிறதே, அப்பப்பா! கண்ணைக் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும். அவர் சட்டைகளைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவேன். "ஏன்க்கா, உங்க வீட்டுல மட்டும் ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். அவருக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அங்கேயே மூச்சு விட்டு விட்டு மூக்கு செத்துப்போயிருந்தது. குழம்பு தீய்ந்தாலும் தெரியாது, நான் மல்லிகைப்பூ வைத்தாலும் தெரியாது. பின்னதற்கு நான் பட்ட எரிச்சலை இங்கே எழுதப்போவதில்லை.

கல்யாணமான புதிதில் போடிமெட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். புதுமாப்பிள்ளைகள் மேலே போய்க் காட்சி பார்ப்பார்கள். இவர் ஜீப்பைப் பாதி மலையில் நிறுத்தி, என்னை ஓடையில் இறக்கி, கொசுவலையின் ஒரு முனையைக் கையில் கொடுத்து, "ஆடாமப் பிடி" என்றார். அட்டை கடித்துக் கால் முழுக்க ரத்தம். கடைசியில் விரல் நீளத்தில், விலாவில் கறுப்புக்கோடு போட்ட ஒரு மீன் சிக்கியது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பூரிப்பைத் தாலி கட்டும்போதுகூட நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த மீன் அந்த ஓடையில் கிடைக்கவேயில்லை. எத்தனையோ தடவை போய்த் தேடிவிட்டார். மேலே ஏலத்தோட்டங்களில் அடிக்கிற மருந்தெல்லாம் மழையில் கரைந்து அந்த வழியாகத்தான் இறங்குகிறது. மணக்க மணக்க ஏலக்காய் விற்கிற ஊருக்கு அந்த மீன் மிஞ்சியது ஒரு சாடியில் மட்டும்தான்.

போன மே மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. கல்லூரித் தாளாளர் பெரிய ஏலக்காய் வியாபாரி. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அந்த அறை வாசலோடு திரும்புகிறவர். அவருக்குத் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. "பாராட்டு விழாவ மீன் ரூம்லயே வச்சிருவோம்" என்றார். முந்தின நாள் இவர் கதவைத் திறந்து கொடுத்ததோடு சரி, உள்ளேயே விடவில்லை. "நாளைக்கு வந்து பாருங்க சார், அசந்துருவீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் பிளக்ஸ் பேனர். இவர் கும்பிட்டு நிற்க, பின்னால் ஒரு டால்பின் துள்ளிக்கொண்டிருந்தது. டால்பின் மீனே இல்லை என்பது எனக்கே தெரியும். இவர் வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டார்.

உள்ளே சாடிகளெல்லாம் பளபளவென்று இருந்தன. அலமாரிகளுக்கு மாலை போட்டிருந்தார்கள். இவர் மேடையில். நான் முன்வரிசையில், பக்கத்து ஊர் சிலமலையிலிருந்து வந்த என் அண்ணன் பக்கத்தில். சிறப்பு விருந்தினர், மீன் சாப்பிட்டால் மாரடைப்பு வராது என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. மாலை மணத்தது. தாளாளர் சம்சாரத்தின் சென்ட் மணத்தது. எனக்குக் கண் கரிக்கவில்லை. அந்த அறையில்!

பின்னால் நின்ற அட்டெண்டரைக் கூப்பிட்டு, "சாடிய என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"மஞ்சளா, பாக்கவே சகிக்காம இருந்துச்சுல்லம்மா? காலையில பூராத்தையும் கொட்டிட்டு நல்ல தண்ணி மாத்தியாச்சு. தாளாளரய்யா உத்தரவு." குரலில் பெருமை வேறு. "சும்மா குழாத் தண்ணி இல்லம்மா, மினரல் வாட்டர். கேன் கேனா வந்து எறங்குச்சு."

அடப்பாவிகளா! மே மாத வெயிலில் பச்சைத் தண்ணீரில் மீன் எத்தனை நாள் தாங்கும்? விழா முடிந்ததும் சாவியை ஒப்படைக்க வேண்டும். அவருடைய இடத்துக்கு ஆளும் போடவில்லை. பூட்டினால் பூட்டினதுதான்.

மேடையில் அவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். சொன்னால் அவருக்கென்று வாய்த்த ஒரே நாள் நாசம். சொல்லாவிட்டால் அவருடைய ஆயுசு முழுக்க நாசம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அண்ணன் பட்டுப்புழு வளர்க்கிறவர். புழு மனையைச் சுத்தம் செய்யப் பார்மலின் வைத்திருப்பார்.

"அண்ணே, வீட்டுல பார்மலின் இருக்கா?"

"கேன்ல கெடக்கு ஆத்தா. எதுக்கு?"

"வெரசா போயிக் கொண்டா."

"இந்தா, பிரியாணி போடப் போறாங்களே…"

"கொண்டாண்ணே!"

செத்த மீனுக்குக் காவக்காரன் என்று மச்சானைக் காலமெல்லாம் கேலி செய்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

"அம்மாவும் மேடைக்கு வரணும்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோக்காரர் "சிரிங்க" என்றார். நான் அவர் காதில், "சாடில மருந்து இல்லங்க. கொட்டிட்டாங்க. வெறுந்தண்ணி" என்றேன். அந்த நேரம் பார்த்துப் போட்டோ எடுத்துவிட்டார். எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்களெல்லாம், "பாவம், நன்றியில கண் கலங்கிட்டாரு" என்கிறார்கள்.

அவர் மைக்கை வாங்கினார். "எல்லாருக்கும் நன்றி. சாப்பிடப் போங்க" என்றார். அடக்கமான மனிதர் என்று கைதட்டிவிட்டுக் கூட்டம் பிரியாணிக்குக் கலைந்தது.

அண்ணன் கேன்களோடு வந்து சேர்ந்தார். இவர் பொன்னாடையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு, முதலில் அந்தக் கறுப்புக்கோட்டு மீன் சாடியைத்தான் திறந்தார். மினரல் வாட்டரில் கொஞ்சத்தை வடித்துவிட்டுப் பார்மலின் ஊற்றினார். அட்டெண்டரும் அண்ணனும் மற்ற சாடிகளுக்கு அவசரமாக ஊற்றினார்கள். எதில் ஊற்றினார்கள், எதில் ஊற்றாமல் விட்டார்கள் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. புதுப் பார்மலினும் தண்ணீரும் பார்வைக்கு ஒன்றுதான்.

இவர் ஒவ்வொரு சாடியாக என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "வாடை வருதா பாரு" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து என் மூக்கை அவர் ஒரு பொருட்டாக மதித்தது அன்றைக்குத்தான்.

"வருது."

"இதுல?"

"இல்ல. ஊத்துங்க."

"இப்ப?"

"வருது, வருது." எனக்குக் கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

சாப்பிட்டு முடித்துச் சாவி வாங்கிக்கொள்ள வந்த தாளாளர், கைக்குட்டையோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா இது, அவ்வளவு செலவழிச்சுச் சுத்தம் பண்ணியும் மறுபடி நாறுது!"

"இப்பத்தாங்க உருப்படியா நாறுது" என்றேன். "சாவி எங்கிட்டயே இருக்கட்டும். மாசாமாசம் வந்து மோந்து பாக்கணும். அவருக்குத்தான் மூக்கு இல்லயே."

சாவியை வாங்க வேண்டுமானால் தாளாளர் அந்த வாடைக்குள் வர வேண்டும். வரவில்லை.