துணி எங்கே, இல்மோ?

என் அக்கா ஹெல்வியை அடக்கம் செய்த அன்று அவள் புருஷன் இல்மோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நகர்ந்தார்கள். அவன் குனிந்து விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்து என்னிடம் சொன்னான்.

"பிளாஸ்டிக். மேல மரம் மாதிரி படம் ஒட்டியிருக்கான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காபியை அவன் தலையிலேயே ஊற்றியிருப்பேன். அழுவாய் என்று பார்த்தால் தரையை நோட்டம் பார்க்கிறாயே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஹெல்வி இருந்திருந்தால் அவளே கேட்டிருப்பாள், அதுவும் கூடம் முழுக்கக் கேட்கும்படி.

இல்மோவுக்குத் தரைதான் பிழைப்பு. பின்லாந்தில் எங்கள் ரௌமா ஊரின் பழைய நகரத்தில் வீடெல்லாம் மரம். சுவர் மரம், கூரைக்குக் கீழே மரம், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது மரக்கதவு. உள்ளே அகலப் பலகை போட்ட பைன் மரத் தரைகள். ஒரு காலத்தில் அவற்றின்மேல் பெயின்ட் அடித்தார்கள், அதன்மேல் அட்டை ஒட்டினார்கள், அதன்மேல் லினோலியம் விரிப்பு. இல்மோ போய் அதையெல்லாம் உரித்து, கைச்சுரண்டியால் சுரண்டி, துருத்தி நிற்கும் ஆணிகளை உள்ளே தட்டி, சந்துகளில் மரச்சீவலை அடைத்து, கடைசியில் சூடாக்கிய ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பான். மிஷின் வைத்துத் தேய்க்க மாட்டான். சின்ன வயதில் கப்பல் கட்டும் இடத்தில் வருடக்கணக்காக அதிரும் மிஷினைப் பிடித்துப் பிடித்து அவன் உள்ளங்கை, விரல் நரம்புகள் செத்துப்போயின. குளிர் பட்டால் விரல்கள் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிடும். சூடு, ஊசி, எதுவும் அவற்றுக்குத் தெரியாது. அதனால் தரையின் மேடுபள்ளத்தைக் காலால்தான் பார்ப்பான். ஹெல்வி பின்னிய கம்பளிக் காலுறையோடு அறைக்குள் மெதுவாக நடப்பான். பார்க்கிறவர்களுக்கு, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று தோன்றும்.

பின்லாந்துக்காரன் என்றாலே வாயில் பூட்டு என்பார்கள். இல்மோவுக்குப் பூட்டும் உண்டு, சாவி ஹெல்வியிடம். வீட்டுக்காரர்களிடம் பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அவள்தான். வாசல் பக்கம் பள்ளமாக இருக்கிறதே, மட்டமாக்கித் தரக்கூடாதா என்று யாராவது கேட்டால் போதும்.

"இருநூறு வருஷமா ஜனங்க அந்த இடத்துல நின்னு ஷூவுல இருந்த பனியைத் தட்டியிருக்காங்க. பள்ளம் விழாம என்ன செய்யும்? நீங்க மட்டும் பறந்தா வரப்போறீங்க? மட்டமா வேணும்னா விளையாட்டு அரங்கத்துல போய்க் குடியிருங்க."

இல்மோ பின்னால் நின்று தலையாட்டுவான். வேலையிலும் அவர்கள் அப்படித்தான். ஜன்னல் பக்கம் ஆரம்பித்து, முட்டி போட்டுத் துணியால் எண்ணெய் தேய்த்தபடி அவன் கதவை நோக்கிப் பின்னால் வருவான். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மரம் குடிக்காமல் விட்ட எண்ணெயை அவள் துடைப்பாள். துடைக்காவிட்டால் தரை பிசுபிசுவென்று நின்றுவிடும், அப்புறம் நாயும் அதில் படுக்காது. துணி ஊறிப்போனதும் இல்மோ திரும்பிப் பார்க்காமல் இடது பக்கம் பின்னால் எறிவான். ஹெல்வி அதை எடுத்துத் தகர வாளித் தண்ணீரில் முக்கி மூடி போடுவாள்.

அந்த வாளி விளையாட்டு இல்லை. ஆளிவிதை எண்ணெய்த் துணியைக் குவித்துப் போட்டால் அது தானாகவே உள்ளுக்குள் சூடாகும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம், சில மணி நேரத்தில் தானே பற்றிக்கொள்ளும். எங்கள் ஊர் கடைசியாக எரிந்து முன்னூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் போன வாரம் நடந்தது மாதிரிதான் பேசுவோம். இங்கே ஒரு வீடு எரிந்தால் தெரு எரியும்.

மாலையில் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போது ஹெல்வி கேட்பாள், "துணி எங்க, இல்மோ?"

"தண்ணில."

வாளியில் போட்டது அவள், வெளியே தூக்கி வைத்ததும் அவள். ஆனாலும் அவள் கேட்பாள், இவன் சொல்வான். அப்புறம்தான் இருவரும் எழுந்திருப்பார்கள். இதென்ன கூத்து என்று நானே கேலி செய்திருக்கிறேன். "அவர் இன்னைக்குப் பேசவேண்டிய பேச்சு ஒண்ணு பாக்கி இருக்குல்ல, அதை வாங்காம விடுவேனா?" என்பாள் ஹெல்வி.

பிப்ரவரியில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். இதயம். மண்வெட்டியைப் பிடித்த கையை விடுவிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இல்மோ எந்த வேலையையும் ஏற்கவில்லை. அழவும் இல்லை, குடிக்கவும் இல்லை. வழக்கம்போல சனிக்கிழமை சானா நீராவி அறையில் உட்கார்ந்தான், வியாழக்கிழமை பட்டாணி சூப் குடித்தான், மற்ற நேரம் சமையலறை நாற்காலியில் இருந்தான். எப்படி இருக்கிறாய் என்றால் "பரவால்ல" என்பான். ஒரு நாள் அவன் வேனில் ஏதோ எடுக்கப் போன நான் முன்சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். கறுப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலங்கள் சரிந்து மடியில் விழுந்தன. அது ஹெல்வி மட்டும் தின்கிற மிட்டாய். இல்மோ அதை வாயிலேயே வைக்க மாட்டான்.

"எதுக்குடா இத்தனை வாங்கி வச்சிருக்க?"

வேன் கதவருகே நின்ற அவன் குனிந்து பார்த்தான். "நான் வாங்கலையே," என்றான்.

பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவே இல்லை. கடைக்குப் போனால் கை அதுவாக எடுத்திருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. இந்த ஆளை இப்படியே விட்டால் அந்த நாற்காலியிலேயே ஒரு நாள் உட்கார்ந்த மாதிரியே போய்விடுவான் என்று நினைத்தேன். எப்படியாவது ஒரு தரையில் அவனை மறுபடி முட்டி போட வைக்க வேண்டும். ஒன்று முடித்தால் அடுத்ததற்குப் போவான். முடிக்காமல் திரும்பினால் அவ்வளவுதான்.

என் காபிக்கடைக்கு வரும் பள்ளிக்கூட ஆசிரியை கைசு பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தாள். இருக்கிற சேமிப்பெல்லாம் அதில்தான். முன்கூடத்துத் தரையைச் சரிசெய்ய ஆள் தேடினாள். நான் இல்மோ பெயரைச் சொன்னேன்.

"அவர் இப்போ வேலை செய்யற நிலைமையிலயா இருக்கார்?"

"இருக்கார். நான் பொறுப்பு," என்றேன்.

இல்மோவிடம் கேட்கவில்லை, சொன்னேன். சுரண்டியையும் வாளியையும் வேனில் ஏற்றினான். உடன் ஆள் வைத்துக்கொள் என்றதற்கு மட்டும் தலையை இடம் வலமாக ஆட்டினான்.

சுரண்டும் வேலை ஒழுங்காகவே நடந்தது. ஆனால் கைசு கடைக்கு வந்து புலம்பினாள். "ரைலி, வந்ததுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"பேசலைன்னா எல்லாம் சரியா போகுதுன்னு அர்த்தம். பேச ஆரம்பிச்சா வந்து சொல்லு."

வாய்தான் அப்படிச் சொன்னது. போய் ஒரு எட்டு பார்க்க வேண்டும் என்று மனசு சொன்னது.

எண்ணெய் தேய்த்த நாள் வியாழக்கிழமை. ஜூன் வெயில் நன்றாக அடித்தது. சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். கைசு முற்றத்தில் பெரிய தொட்டியில் கந்தல் துணியில் நெய்த தரைவிரிப்புகளை ஊறப்போட்டு, பைன் சோப்பு நுரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள பாரு, தேன் நிறத்துல மின்னுது," என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

வாசலில் ஷூவைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது. ஆளிவிதை எண்ணெய் வாசம் எனக்குப் பழக்கம்தான். இது அது இல்லை. சட்டியில் மீனை மறந்துவிட்டுப் போன வீட்டில் அடிக்கிற வாடை.

இல்மோ முட்டி போட்டுக் கதவுப் பக்கம் வந்துகொண்டிருந்தான், முதுகு எனக்கு. அவனுக்கு இடது பக்கம் பின்னால், மூலையில், துணிக் குவியல். காலையிலிருந்து எறிந்த துணி எல்லாம் அங்கே இருந்தது. உச்சியிலிருந்து நூல் மாதிரி புகை போய்க்கொண்டிருந்தது. தகர வாளி வாசல் பக்கம் இருந்தது. காய்ந்த வாளி. அதற்குள் அவன் காபி பிளாஸ்க்கை நிறுத்தி வைத்திருந்தான்.

"இல்மோ! துணி!"

அவன் திரும்பினான். புகையைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்தான், குவியலை இரண்டு கையாலும் அப்படியே அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே நடந்தான். ஓடக்கூட இல்லை. முற்றத்துக் கல்தரையில் போட்ட கணமே காற்றுப் பட்டு அது குப்பென்று எரிந்தது. கைசு கத்திக்கொண்டே சோப்புத் தண்ணீரை விரிப்போடு சேர்த்து அதன்மேல் கவிழ்த்தாள்.

அணைந்தது. நாங்கள் மூன்று பேரும் கரித் தண்ணீருக்குள் நின்றோம், நானும் அவனும் காலுறையோடு. உள்ளே மூலைப் பலகையில் ஒரு உள்ளங்கை அளவு கறுப்பு. சுவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

கைசு உள்ளே எட்டிப் பார்த்தாள். அப்புறம் வெடித்தாள். "என் வீடு போயிருக்கும்! இந்தத் தெருவே போயிருக்கும்! உங்களுக்குத் தெரியாதா? இந்த ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்னிடம் திரும்பினாள். "நீதானே பொறுப்புன்னு சொன்ன?"

சொன்னேன்தான். இல்மோவைப் பார்த்தேன். அவன் எரிந்த குவியலைப் பார்த்து, முகம் சுளித்து, ஏதோ புகார் சொல்கிற குரலில் சொன்னான்.

"ஹெல்வி எடுக்கலை."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவன் மாதிரி நின்றான். கைசுவின் கோபம் வாயிலேயே நின்றுவிட்டது. முப்பது வருடமாக எறிந்தான், முப்பது வருடமாக அது காணாமல் போயிற்று. எறிந்த துணி எங்கே போகிறதென்று அவன் கை ஒரு நாளும் தெரிந்துகொள்ளவில்லை.

அப்போதுதான் கைசு அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோல் கொப்பளித்து எழும்பியிருந்தது.

"ஐயோ, கை!"

அவன் திருப்பிப் பார்த்தான். "சுடலை," என்றான்.

தகர வாளியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தெறிந்து, தண்ணீர் பிடித்து, இரண்டு கையையும் அதற்குள் அமுக்கினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். அவன் வாளியோடு கூடத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டான்.

"துடைக்கணும்," என்றான். "இப்பவே துடைக்கலைன்னா தரை வீணாப்போயிடும்."

"தரை கெடக்குது! கையைப் பாரு!"

"துடைச்சிட்டுப் போகலாம்."

கைசு என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவள் சேமிப்பெல்லாம் ஈரமாக மின்னிக்கொண்டு கிடந்தது. போய்ப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கிழித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் போய் முட்டி போட்டோம்.

அன்று இல்மோ பேசினான். பேசாமல் முடியாதே, துடைக்கிறது எங்களைப் போன்ற ஆட்கள். "குறுக்கால தேய்க்காத, பலகை போற வாக்குல. ரைலி, மாவு பிசையிறியா நீ? அமுக்காத. அந்தச் சந்துல எண்ணெய் நிக்குது பாரு. இன்னும் இடது பக்கம்." அவன் ஒரே நாளில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. துணி ஊறிப்போகும்போதெல்லாம் நான் எழுந்து போய் வாசலில் கைசு கொண்டுவைத்த இன்னொரு வாளியில் முக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவன் கண் அந்தத் துணியோடு கூடவே போய் வந்தது.

கரிந்த மூலைக்கு வந்தபோது கைசு நிறுத்தினாள்.

"அந்தப் பலகையைக் கழற்றித் திருப்பிப் போட்டா அடிப்பக்கம் புதுசா இருக்கும்," என்றான் இல்மோ. "கை ஆறினதும் வர்றேன். நீங்க விட்டா."

கைசு கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வாங்க," என்றாள். "தனியா வராதீங்க. அதுதான் என் கண்டிஷன்."

வேலை முடிந்தது. கைசு கார் சாவி எடுக்கப் போனாள். நானும் இல்மோவும் வாசற்படியில் உட்கார்ந்தோம். நான் ஷூவை மாட்டினேன். அவன் மாட்டவில்லை. ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே இருந்தான்.

"எழுந்திரு, நேரமாகுது."

அசையவில்லை.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினான். எதற்கோ காத்திருந்தான். எதற்கென்று எனக்குப் புரிய கொஞ்சம் நேரமாயிற்று. அந்தக் கேள்வியை என் வாயால் கேட்க எனக்கு இஷ்டமே இல்லை. கேட்காமலும் இவன் எழுந்திருக்கப் போவதில்லை.

"துணி எங்க, இல்மோ?"

"தண்ணில," என்றான்.

அப்புறம் அவன் தாடை ஆட ஆரம்பித்தது. "ரைலி," என்றான். "அவ செத்துட்டா."

நான்கு மாதத்தில் முதல் தடவை அந்த வார்த்தை.

"ஆமாடா, செத்துட்டா," என்றேன். "காலை நீட்டு." குனிந்து அவன் ஷூ நாடாவைக் கட்டினேன்.