ஒப்பாரி மெட்டில் ஐந்திணை

அரசு வேலைத் தேர்வுக்கு நான் படித்ததெல்லாம் பட்டாசு கம்பெனி வேனில்தான். ஆமத்தூரில் ஏறினால் சிவகாசி போய்ச் சேரும்வரை மடியில் புத்தகம் இருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டு வருஷக்கணக்காகியிருந்ததால் எதைப் படித்தாலும் மறுநாள் தங்குவதில்லை. மனப்பாடம் ஆகாததை மெட்டுப் போட்டுப் பாடிப் பாருங்கள் என்று கைபேசி வீடியோ ஒன்றில் யாரோ சொன்னார்கள். பாடிப் பார்த்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டது.

ஆறுகளையும் அணைகளையும் கும்மிப் பாட்டில் ஏற்றினேன். சட்டத் திருத்தங்களைத் தாலாட்டாக்கியதில் என் மகன் அதைக் கேட்டே தூங்கினான். ஐந்திணைத் தெய்வங்கள் மட்டும் எந்த மெட்டிலும் உட்காரவில்லை. இந்திரன் மருதத்துக்கா நெய்தலுக்கா என்று தடுமாறுவேன். கடைசியில் ஒப்பாரி மெட்டில் வைத்து இழுத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே, "குறிஞ்சிக்கு முருகனே, முல்லைக்குத் திருமாலே" என்று நீட்டவும், வாசலில் இருந்த என் வீட்டுக்காரர் பதறி ஓடி வந்தார்.

"யாருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. படிக்கேன்."

"இப்படியா படிப்பாக?"

இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒரு தெய்வமும் இடம் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான், வேனில் என் பக்கத்தில் உட்காரும் மதினி நெஞ்சுவலியில் இறந்துபோனார். சொந்தமில்லை; முறை வைத்துக் கூப்பிட்டுப் பழகியது. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் போனோம். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கல்யாணமாகிப் போன மகள் மட்டும் அழாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "வேன்ல முணுமுணுன்னு பாடிக்கிட்டே வருவியே. ஓம் மதினிக்கு ஒரு பாட்டுச் சொல்லி அழு ஆத்தா."

வாயைத் திறந்தேன். மெட்டு வந்தது. அந்த மெட்டில் நான் பழக்கி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"குறிஞ்சிக்கு முருகனே, முல்லைக்குத் திருமாலே..."

மதினியைக் காப்பாற்றாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முறையிடுகிறேன் என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். கூடச் சேர்ந்து இழுத்தார்கள். பாதியில் நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. மருதத்துக்கு இந்திரனையும் நெய்தலுக்கு வருணனையும் அழைத்து, பாலைக்குக் கொற்றவையே என்று முடித்தபோது, அதுவரை அழாத மகள் என் மடியில் விழுந்து கதறினாள். அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது: ஒன்றுகூட விடாமல் சொல்லிவிட்டேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

கருமாதி அன்று அந்த மகள் என்னைத் தேடி வந்தாள்.

"அத்தை, அன்னைக்குச் சாமியெல்லாம் கூப்புட்டு அழுதீகளே, அத ஒருக்கப் பாடுங்க. போன்ல பிடிச்சு வச்சுக்கிறேன்."

தொண்டை சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் முடியவில்லை.

"அது பரீட்சைக்குப் படிச்சது ஆத்தா. மனசுல நிக்கணும்னு அந்த மெட்டுல போட்டு வச்சிருந்தேன். வாயத் தெறந்ததும் அதுதான் வந்துச்சு."

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். போனை மெதுவாக இறக்கினாள்.

"அப்ப எங்கம்மாவப் பத்தி ஒரு வரிகூட ஒங்களுக்கு வரலியா அத்தை?"

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பாட்டில்லாமல், தெரிந்ததைச் சொன்னேன். தூறல் விழுந்தால் மதினி என்னை உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார், என் புத்தகம் நனையக் கூடாதென்று. கம்பெனி வாசலில் இறங்கும்போது அவர் சேலை ஒரு பக்கம் ஈரமாக ஒட்டிக் கிடக்கும்.

கேட்டுக்கொண்டே இருந்தவள், "வேன்ல அம்மா என்ன பேசிக்கிட்டு வருவாக?" என்றாள்.

மதினி தினமும் ஏதோ பேசிக்கொண்டுதான் வருவார். நான் பாடத்தை முணுமுணுத்தபடியே 'ம்' போட்டுக்கொண்டு வருவேன். எவ்வளவு யோசித்தும் ஒரு வாக்கியம் வரவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்று அவளிடம் சொன்னேன்.