வாசலில் நின்று கற்ற பேச்சு

விசைத்தறியின் சடக் சடக் எந்தத் தெருவில் கேட்டாலும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

எங்கள் தறிக்கூடத்தில் சத்தத்தை மீறிப் பேச முடியாது. ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வோம். அன்று நூல் வியாபாரி வந்திருந்தார். என் மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த எங்கள் தறியோட்டியின் மகளுக்குப் பட்டியலினத்தார் ஒதுக்கீட்டில் கிடைத்திருந்தது. வியாபாரியிடம் உதட்டாலேயே சொன்னேன்.

"இது தலைகீழ் பாகுபாடு, வே. ரிவர்ஸ் டிஸ்கிரிமினேஷன்னு பேப்பர்ல எழுதுதான். அன்னைக்கு அவங்கள ஒதுக்குனோம், இன்னைக்கு நம்மள ஒதுக்குதாங்க."

என் மகளும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழோடுதான் வரிசையில் நின்றாள். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. நாலாவது தறியில் நின்ற அந்தத் தறியோட்டி என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியவில்லை. இத்தனை சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்றிருந்துவிட்டேன். உதட்டைப் படித்தே பழகிய தறிக்காரன் நானே இப்படி ஏமாந்தேன்.

அவர் தன் தறியை நிறுத்திவிட்டு வந்தார். மற்றவை ஓடிக்கொண்டிருந்தன. அவரும் உதட்டால்தான் சொன்னார்.

"எங்கப்பா இந்த வாசல் வரைக்கும் நூல்மூட்டை சுமந்தாரு அண்ணாச்சி. உள்ள கால்வைக்க உங்கப்பா விடல. அங்கனயே நின்னு, உள்ள பேசுனவங்க வாயப் பாத்துப் பாத்தே தொழில் படிச்சாரு. அதத்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. தலைகீழ்னா உங்கப்பா வெளிய நிக்க, எங்கப்பா உள்ள இருந்திருக்கணும்லா? அப்படி ஒருநாளு உண்டுமா?"

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தினமும் நான் செருப்பை உதறிவிட்டுத் தாண்டுகிற வாசல்படி அது. போய் அதன் வெளிப்பக்கம் நின்று பார்த்தேன். இங்கிருந்தா? ஒரு சொல்லும் காதில் விழாத இந்தத் தூரத்திலிருந்தா ஒரு மனிதர் ஒரு தொழிலையே கண்ணால் குடித்தார்? அவருடைய பேத்தி இனி நெஞ்சில் குழல் வைத்து உயிரின் சத்தத்தைக் கேட்கப் போகிறாள்.

இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் காலை, மகளைக் கல்லூரியில் சேர்க்கப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டுப் பேருந்து நிலையத்துக்கு ஓடினேன். மகள் உள்ளே, அவர் ஜன்னலோரம். கீழே நான். இனி அவர் என் கூடத்துக்கு வருவாரா, மாட்டாரா? குரல் எழவில்லை; உதடுதான் அசைந்தது: தப்பாப் பேசிட்டேன்.

படித்துவிட்டார். வண்டி நகரத் தொடங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி. இங்கன தறி ஓடலல்லா!"