மூடியளவு தீர்த்தம்

அம்மனை நான் ஏமாற்றியது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு எட்டு வயது. அதற்குத் துணையாக இருந்தவை ஒரு பிளாஸ்டிக் போத்தலும் நாலு வேப்பிலையும்.

இலங்கையில், இரத்தினபுரிப் பக்கம் பெல்மதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா மண்டையைப் பிளக்கும் சித்திரை வெயிலில்தான் வரும். ஆற்றங்கரையில் காவடியைத் தோளில் ஏற்றி, தார் ரோட்டில் வெறுங்காலோடு ஏறி, தேயிலைப் பெக்டரி முடக்கு வளைவைத் தாண்டிக் கோயிலுக்குப் போகவேண்டும். ஐந்து வருடம் காவடி எடுப்பதாக அப்பா நேர்ந்திருந்தார். அது ஐந்தாவது வருடம். எதற்காக நேர்ந்தார் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கும் அம்மனுக்கும் ஆயிரம் பேச்சு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் முந்தி, மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த அப்பா வெயிலில் மயங்கி விழுந்தார். தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்தால் அடுத்த முறை எழும்ப மாட்டார் என்று தோட்டத்து மருந்துசாலையில் அம்மாவிடம் சொல்லியனுப்பினார்கள். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“ஆத்தாகிட்ட வாய்விட்டுக் கேட்டவன் நான். வழியெல்லாம் தண்ணி குடிச்சுக்கிட்டு போறதுக்கு இது என்ன டிரிப்பா?”

அம்மா மேற்கொண்டு வாதாடவில்லை. காவடிக்காரர் வழியில் தண்ணீர் தொடக்கூடாது என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். ஆனால் தீர்த்தம் என்று யாராவது நீட்டினால் மறுக்கவும் கூடாது. அந்தச் சந்துக்குள்தான் அம்மா புகுந்தாள். கொதித்தாறிய தண்ணீரில், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புச்சீனிப் பொடியைக் கரைத்துப் பெரிய போத்தலில் ஊற்றி, சிட்டிகை மஞ்சளும் வேப்பிலையும் போட்டாள். தான் கொடுத்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று என்னைப் பிடித்தாள்.

“இது கோயில் தீர்த்தம். காவடி நிக்கிற எடத்தில எல்லாம் அப்பா வாயில ஊத்து. வெளங்குதா?”

விளங்கியது. விளங்கியதுதான் வினையாகப் போயிற்று. தீர்த்தத்தை எப்படிக் கொடுப்பது என்று எனக்கா தெரியாது? பூசாரி தரும் அளவுக்குப் போத்தல் மூடிதான் சரியென்று நானே முடிவு செய்தேன். பாலத்தடியில் முதல் தடவையாகக் காவடி நின்றபோது, அப்பா வாயில் பயபக்தியோடு ஒரு மூடி ஊற்றினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு விழுங்கினார்.

வேப்பிலை மிதக்கும் போத்தலைக் கண்டதும் கூட்டம் சும்மா இருக்குமா? மேளக்காரர் கை நீட்டினார். பாற்குடம் எடுத்த அக்காமார் நீட்டினார்கள். ரோட்டோரம் வேடிக்கை பார்க்க வந்திருந்த கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவரும், “துவே, மட்டத் டிக்கக்” என்று இரண்டு கையையும் ஏந்தினார். மகளே, எனக்கும் கொஞ்சம் என்று கேட்கிறவருக்குத் தீர்த்தம் இல்லை என்று சொன்னால் பாவமல்லவா? ஆளுக்கொரு மூடி கொடுத்தேன். பாதி வழியிலேயே தோட்டத்தில் என்னைவிடப் பெரிய ஆள் கிடையாது என்ற எண்ணம் வந்துவிட்டது.

பெக்டரி முடக்கில் அப்பாவின் கால் பின்னியது. கூட நடந்து வந்த மாமா பாய்ந்து காவடியைத் தாங்கிக்கொண்டார். அப்பா ரோட்டோரப் பலா மரத்தடியில் சாய்ந்தார். உதடு வெளுத்துக் கிடந்தது. ஓடிவந்த அம்மா என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். உள்ளே வேப்பிலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“எல்லாருக்கும் குடுத்துட்டேம்மா.”

அம்மா அடித்திருந்தால் தேவலை. போத்தலை வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திணித்தாள். அதற்குள் கூடவே வந்த அந்தச் சிங்கள அம்மா, பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து தெம்பிலி என்கிற செவ்விளநீர் ஒன்றைச் சீவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்பா தலையை ஆட்டினார்.

“வேணாம். கோயில் வரட்டும்.”

யாரும் தடுப்பதற்குள் இளநீரை வாங்கிப் போத்தலுக்குள் ஊற்றி, வேப்பிலையோடு ஒரு குலுக்குக் குலுக்கி அப்பா வாயருகே கொண்டுபோனேன்.

“தீர்த்தம்பா,” என்றேன்.

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, காவடியை வாங்கிக் கோயில் வரைக்கும் மெல்ல நடந்தே போய்விட்டார்.

முதல் போத்தல் உண்மையான தீர்த்தம், இளநீர் மட்டுந்தான் என் பொய் என்று நம்பியிருந்தேன். அதனால் பல வருடம் மாரியம்மன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவே இல்லை.

போன மாதம் எம்பிலிப்பிட்டியவில் உள்ள என் வீட்டுக்கு அப்பா வந்திருந்தபோது, என் மகளுக்கு வயிற்றோட்டம். நான் கரைத்து வைத்த உப்புச்சீனித் தண்ணீரில் ஒரு மூடி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தார்.

“தீர்த்தம் சரியாத்தான் இருக்கு,” என்றார்.

அன்றைக்குப் பாலத்தடியில் நான் ஊற்றிய முதல் மூடியிலேயே அவருக்குத் தெரிந்திருந்ததாம். மூன்று வயதில் பேதியாகி நான் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண் திறக்கத் தெம்பில்லாமல் கிடந்தபோது, அதே தண்ணீரை இரண்டு நாள் கரண்டி கரண்டியாக எனக்கு ஊட்டியவர் அவர். சூடு பார்க்க ஒவ்வொரு தடவையும் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வாராம். காவடியை நேர்ந்ததும் அந்தக் கட்டிலடியில்தான்.

“தெரிஞ்சும் ஏம்பா குடிச்சீங்க?”

“நீதானே குடுத்த,” என்றார். பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுத்தார்.

அன்றைக்கு அந்த ரோடு முழுக்கப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காவடிக்குப் பக்கத்திலேயே ஓடினேன். அது எனக்காகப் போகிற காவடி என்று எனக்குத் தெரியாது.