பதினொரு ஜீபி

பிரேமினிக்கு முப்பத்தாறு வயது. உயிலங்குளத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, பாலம் கடந்து, மன்னார் டவுனுக்கு வேலைக்கு வருகிறவள். வீட்டுப் பிளான் கீறும் சரிபுதீன் நானாவின் கந்தோரில் அவளுக்கு இது ஒன்பதாம் வருடம். இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோலக் கம்பியூட்டரில் காட்டுவது அவளுடைய வேலை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அந்தப் படத்தைப் போனில் பார்த்து, வாசலால் நுழைந்து, குசினிவரை நடந்து, யன்னல் போதாது என்று குறை சொல்லி, அதன் பிறகுதான் அத்திவாரம் வெட்டச் சொல்வார்கள்.

படத்தைப் போடுவது கம்பியூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்ட். பிரேமினியின் கார்ட் அவள் சொந்தமாக வாங்கியது. கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தீவுக் காற்றின் உப்புப் பிடிக்காமல் இரண்டு கிழமைக்கு ஒருதரம் கழற்றிப் பெயின்ற் பிரஷால் தட்டுவாள். அந்த நேரம் யாரும் கதை கொடுத்தால் பதில் வராது.

போன மாசியில் பக்கத்துக் கதிரைக்கு றொசாந்தன் வந்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் அவளோடு ஒரே வகுப்பு. ஆறு வருடம் கட்டாரில் இருந்தவன். அவன் வந்து மூன்றாம் கிழமை, சரிபுதீன் நானா அவனுடைய கம்பியூட்டருக்குப் புதுக் கார்ட் எடுப்பித்தார். இரண்டு வருடமாகப் பிரேமினியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கார்ட் வந்த அன்று நானாவுக்கு ஆசை பிறந்தது. ஒரே வீட்டை இரண்டு கம்பியூட்டரிலும் போட்டார். கையில் போனை வைத்து நேரம் பார்த்தார். றொசாந்தனுடையது நாலு நிமிடத்தில் படத்தை முடித்தது. பிரேமினியுடையதில் கூரை மட்டும்தான் வந்திருந்தது. அதன் காற்றாடி நெல்லுக் குத்தும் மில்போல இரைந்தது.

“றொசாந்தன்ட ஆள் சந்தைக்குப் போய்த் திரும்பியும் வந்திட்டார்” என்றார் நானா. “உங்கட ஆள் இன்னும் சாரம் மாத்துறார், பிரேமினி.”

கந்தோர் சிரித்தது. பிரேமினியும் சிரித்தாள். பதினொரு நிமிடம் சென்று அவளுடைய படம் வந்தபோது பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

அதன் பிறகு, வாசலால் நடந்து போவதுபோல ஓடும் படங்கள் எல்லாம் றொசாந்தனிடம் போயின. வீட்டுக்காரர்களோடு வீடியோவில் கதைப்பதும் அவன். பிரேமினிக்கு மதிலும் கேற்றும் கிடைத்தன. முன்பு படம் வரும்வரை அவள் தேத்தண்ணி குடிப்பாள், சாப்பிடுவாள், வீட்டுக்குப் போன் எடுப்பாள். றொசாந்தன் எதற்கும் காத்திருப்பதில்லை. காத்திருக்காத ஒரு மனிதனை அவள் அதற்கு முன் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஒருநாள் முதல் பஸ்ஸில் வந்து, அவன் வருவதற்கு முன் அவனுடைய கம்பியூட்டரைப் போட்டாள். தான் கீறிய வீடொன்றை அதில் ஓடவிட்டாள். மூன்று நிமிடம். அதே வீடு, அதே யன்னல், அங்கே அவளுக்கு இன்னும் வடிவாகத் தெரிந்தது. பிறகு கார்டின் விபரத்தைத் திறந்து பார்த்தாள். வேகம் கூட. ஆனால் மெமரி, ஒரே நேரத்தில் தூக்கக்கூடிய பாரம், எட்டு ஜீபி. அவளுடைய பழசு பதினொன்று. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்த மூன்று ஜீபியையே நினைத்துக்கொண்டு போனாள். ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு பக்கீர் ஹாஜியாரின் கலியாண மண்டபம் வந்தது. தோட்டவெளியில் காணி, ஆள் லண்டனில். மேலே நின்று பார்க்கிற மாதிரி ஒரு படம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேண்டும் என்றார்.

“என்ட காணியில நானூற்றிப் பத்துப் பனை நிக்கிது. ஒண்டு குறைஞ்சாலும் எனக்குத் தெரியும்” என்று குரல் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பனைக்கும் புகைப்படமும் வந்தது. ஒரு பனையைச் செய்து நானூறு தரம் நடுவது லேசு. கார்ட் அந்த ஒரு பனையைத்தான் ஞாபகம் வைக்க வேண்டும். நானூற்றிப் பத்தும் வேறு வேறு என்றால் அத்தனையையும் தூக்கிச் சுமக்க வேண்டும்.

வெள்ளி காலை றொசாந்தன் படத்தை ஓடவிட்டான். பாதியில் புரோகிராம் தானாக மூடிக்கொண்டது. கரண்டாக இருக்கும் என்று வயரை மாற்றினான். சூடாக இருக்கும் என்று மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்தான். நாலாம் தரமும் மூடியபோது கதிரையைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தான்.

“பிரேமி, இதை ஒருக்காப் பாரன். கார்ட் பழுதோ தெரியேல்ல.”

அவள் எட்டிப் பார்த்தாள். திரையின் மூலையில் எட்டில் ஏழு தசம் ஒன்பது என்று நிரம்பி நின்றது.

“உந்தப் புதுசுகளைப் பற்றி எனக்கென்ன தெரியும்” என்றாள். “நான் சாரம் மாத்துற ஆள்.”

அவன் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். மத்தியானம் சாப்பிடவில்லை. ஜும்மா முடிந்து வந்த சரிபுதீன் நானா அவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, “பிரேமினி, உங்கடதில போட்டுப் பாருங்கோ” என்றார்.

ஐம்பத்திரண்டு நிமிடம் இரைந்தது. மூலையில் பத்து தசம் ஆறுவரை ஏறி நின்றது. ஒரு பனையும் விழவில்லை. நாலு மணிக்கு ஹாஜியார் வீடியோவில் வந்து, தன் திரையில் விரல் வைத்து எண்ணினார். “கிணத்தடிப் பனை சரிஞ்சுதான் நிக்கிது. சரி” என்றார். “ஆர் செஞ்சது?”

“நான் ஹாஜியார்” என்றாள் பிரேமினி. அன்று முழுவதும் அவள் சொல்லக் காத்திருந்தது அதுதான்.

அழைப்பு முடிந்ததும் நானா கேட்டார். “புதுசு விழுந்து படுத்துது. பழசு எப்பிடி இழுத்தது?”

அவள் இப்போதுதான் கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள். “அது மோட்டச்சைக்கிள் நானா. பறக்கும். ஆனா ரெண்டு மூடைக்கு மேல ஏத்தேலாது. என்டது லான்ட்மாஸ்டர். ஊர்ந்தாலும் எல்லா மூடையையும் இழுக்கும்.”

றொசாந்தன் தலையில் கை வைத்தான். “மெமரி. எனக்கு அது மண்டையில ஓடவே இல்லை. நீ கெட்டிக்காரி, பிரேமி.” அவன் அதை மனதாரச் சொன்னான். அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நானா யோசித்தார். “அடுத்த மாசம் மண்டபத்துக்கு உள்பக்கமும் வேணும் எண்டுறார். அறுநூறு கதிரை, மேடை, பூ எல்லாம். பனையும் யன்னலால தெரியவேணுமாம். வேகமும் வேணும், இடமும் வேணும். கொழும்புக்கு இன்னொண்டு சொல்லுவம். றொசாந்தன்ட மெஷினுக்குப் போடலாம். உங்கட கம்பியூட்டர்ப் பெட்டி சின்னன், பிள்ளை. புதுசு கொள்ளாது.” பேனையை எடுத்தார். “பன்னிரண்டு ஜீபியும் இருக்கு, பதினாறும் இருக்கு எண்டான் கடைக்காரன். எது போடுற?”

பனைக்கே பத்து தசம் ஆறு. கதிரைகளும் ஏறினால் பன்னிரண்டு போதாது. பிரேமினிக்கு அதை மனதுக்குள் கூட்டிப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. தன்னுடைய பதினொன்றிலும் அது ஓடாது என்பதும் தெரியும்.

“பன்னிரண்டு காணும் நானா, பதினாறு தேவையில்லை” என்றாள்.

நானா றொசாந்தனைப் பார்த்தார்.

“பிரேமிக்குத்தான் தெரியும்” என்றான் அவன். “அவ சொல்லுறதைப் போடுங்கோ.”

சரிபுதீன் நானா பன்னிரண்டு என்று எழுதினார். எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார். கோடு முடிந்ததும் பிரேமினி தன் கார்டைத் தட்டப் பெயின்ற் பிரஷை எடுத்தாள்.