தி.நகர் டிரம்மில் மட்டும் ஓடும் இன்ஜின்

பட்டினப்பாக்கம் மரியசெல்வத்துக்கு வயது நாற்பத்தேழு. படகு இன்ஜின் எதுவானாலும் கரையில் நின்றபடியே சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லிவிடுவார். குப்பத்தில் முப்பது படகுகளுக்கு அவர்தான் வைத்தியர். அப்பேர்ப்பட்டவர் இந்த வருடம் சொந்த இன்ஜினை மட்டும் தொடாமல் நாற்பத்தொரு நாள் விரதம் காத்தார். தவக்காலமே நாற்பது நாள்தான்.

காரணம், இன்ஜின் மூடியில் ஒட்டியிருந்த விரலளவு ஸ்டிக்கர். அது கிழிந்தால் இரண்டு வருட வாரண்டி செல்லாது. வாரண்டி அட்டையை மனைவி ஜெனிதா கல்யாண சர்டிபிகேட்டோடு ஒரே கவரில் வைத்திருந்தார். இரண்டில் காலக்கெடு போட்டிருந்தது இதில் மட்டும்தான் என்பதால் இதற்கே மரியாதை அதிகம்.

"ஸ்டிக்கர் மேல கைய வெச்சே, அப்பால என்னாண்ட பேசாத" என்று சொல்லிவிட்டார்.

இன்ஜின் படுத்த நேரம் அப்படி. தடைக்காலம் தொடங்கிய முதல் நாள். அறுபத்தொரு நாள் பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன ஃபைபர் படகு போகலாம். அந்த இரண்டு மாதம் சின்னப் படகுக்காரர் கொண்டுவரும் வஞ்சிரத்துக்கு அவர் சொன்னதுதான் விலை. வருடத்தின் மிச்சப் பத்து மாதமும் அதை நம்பித்தான் நகரும்.

கோளாறு, கரையிலிருந்து இரண்டு மைல் தாண்டியதும் இன்ஜின் நின்றுவிடுவது. "பெட்ரோல் டியூபு கிளிப்பு லூசு. காத்து வாங்குது. பத்து நிமிஷ வேல" என்று அன்றைக்கே கண்டுபிடித்தார். கண்டுபிடித்துவிட்டு, இன்ஜினை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு தி.நகர் சர்வீஸ் சென்டருக்குப் போனார். கடல் இன்ஜினைப் பழுதுபார்க்கும் இடத்தைக் கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில், பட்டுப்புடவைக் கடைகளுக்குப் பின்னால் வைத்தவர் ஏதோ யோசித்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

அங்கே ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி இன்ஜினை மாட்டி ஓட்டினார்கள். அருமையாக ஓடியது. அலை குலுக்கினால்தான் கிளிப் நழுவும். டிரம்மில் ஏது அலை? 'கோளாறு இல்லை' என்று சீட்டு கொடுத்தார்கள். இப்படி மூன்று தடவை. பிறகு வீடியோ கேட்டார்கள். கடலில் எடுத்து அனுப்பினார். 'அலைச் சத்தம் அதிகம். அலையில்லாத இடத்தில் எடுத்து அனுப்பவும்' என்று பதில் வந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் கம்பெனியே நேரில் வந்தது. குருபிரசாத், மயிலாப்பூர் இளைஞர், பாலிஷ் போட்ட ஷூ. படகு இன்ஜினில் நான்கு சர்டிபிகேட் வைத்திருந்தார். படகில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

இரண்டு மைலில் இன்ஜின் நின்றது.

"நின்னுடுத்தே!" குருபிரசாத் உற்சாகமாகக் குறித்துக்கொண்டார். "ஃபால்ட் கன்ஃபர்ம்டு. சரி, கிளப்புங்கோ, போலாம்."

"எப்பிடி சார் கிளப்புறது? அதான் நின்னுடுச்சே."

"என்ன ரிப்பேர்னு தெரியும்னேளே?"

"தெரியும். தொட்டா வாரண்டி பூடும். நீங்க பண்ணுங்க."

"நான் பார்த்துட்டு ரிப்போர்ட் எழுதறவன் சார். திறக்கறது வேற டீம்."

"அப்ப அவுங்க வர்ட்டும்" என்று மரியசெல்வம் தூக்கைத் திறந்தார். பழைய சோறும் நெத்திலிக் கருவாடும். குருபிரசாத் முகத்தை வேறு பக்கம் திருப்பினார். அந்தப் பக்கமும் கடல்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"தெக்கத்தி நீரோட்டம் சார். அப்பிடியே வடக்கால தள்ளிக்கினு போவும். உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?"

குருபிரசாத் போனை எடுத்துத் தம் கம்பெனிக்கே அடித்தார். அழைப்பு முக்கியமானது என்று பத்து நிமிடம் இசை கேட்டது. பிறகு ஒரு பெண் வந்து இன்ஜின் நம்பரைக் கேட்டார். "சார், உங்க கம்ப்ளெயின்டுக்கு எங்க இன்ஜினியர் ஏற்கெனவே அங்க வந்துட்டார். அவர்கிட்டயே பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் குருபிரசாத் காலையில் சாப்பிட்ட பொங்கலைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன வேணும்னாலும் எழுதித் தரேன். திறந்துடுங்கோ சார்."

"ஸ்டிக்கர நீங்களே கிழிச்சதா எழுதுங்க. வாரண்டி செல்லும்னு எழுதுங்க. கையெழுத்து, தேதி. சீல் கீதா?"

பையில் சீல் இருந்தது. முத்திரையும் விழுந்தது. குருபிரசாத் நகத்தால் ஸ்டிக்கரைக் கிழித்தார். மரியசெல்வம் மூடியைத் திறந்து, கிளிப்பை இறுக்கி, மேலே தூண்டில் நரம்பால் ஒரு கட்டும் போட்டார். ஒரே இழுப்பில் இன்ஜின் உறுமியது. கடிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, படகைக் கிழக்கே திருப்பினார்.

"சார், கரை அந்தப் பக்கம்னா இருக்கு!"

"தெரியும் சார். தடை முடிய இன்னும் இருவது நாள்தான் கீது. இஞ்சின் ஓடுது, வல படகுலயே கீது. இதுல இன்னாத்துக்குக் கரை?" என்றவர் வலையின் ஒரு முனையைக் கம்பெனியின் கையில் கொடுத்தார். "இதப் புடிச்சிக்கினு மெதுவா வுடுங்க. ஷூவுல மாட்டிக்கப் போவுது, பாத்து."