இரைச்சல் நின்ற ஞாயிறு

முதலிபாளையத்தில் எங்கள் வீடு, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டுக்கு மேல்மாடி. கீழே மெஷின்கள் இரவும் பகலும் ஓடும். தரையில் வைத்த தம்ளரில் தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருக்கும். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் திரும்புவாள், பல சமயம் மாட்டாள். குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் படித்ததை நினைத்து நான் பயந்தேன். மாமியார் சிரித்தார்.

“மெஷின் சத்தத்துலயே வளர்ற புள்ள கண்ணு. நீ கூப்புடறதெல்லாம் அதுக்கு ஒரு சத்தமா? உன்ற ஊட்டுக்காரனும் அப்படித்தான் இருந்தான்.”

யூனிட் வைத்திருக்கும் உறவுக்காரர்கள் எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். ஒருவேளை நான்தான் அதிகம் படித்துவிட்டுப் பயப்படுகிறேனோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை மெஷின்களுக்கு விடுமுறை; ஆனால் அன்று காலையிலிருந்தே டிவி ஓடும். மொட்டைமாடி ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படத்தில் புள்ளி, பாட்டில் இரைச்சல். இதில் குழந்தைக்கு என்ன கேட்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிறன்றுதான் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு டிஷ் மாட்டினார்கள். டிவிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டியை வைத்த மெக்கானிக், “இது டிஜிட்டலுங்க. வந்தா முழுசா வரும், இல்லீன்னா சுத்தமா வராது. நடுவால இரைச்சல்ங்கற பேச்சே இல்லீங்க” என்றார்.

திடீரென்று பாட்டு அறை முழுக்க வெடித்தது. மாமியார் காதைப் பொத்திக்கொண்டார்.

“கொறைங்க சாமி, ஊடே இடிஞ்சு உழுந்துரும்!”

மகள் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காலி நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

“பாப்பா நம்ம டிஷ்ஷ மதிக்கவே இல்லீங்களே” என்றார் மெக்கானிக்.

“அது மெஷின் புள்ளைங்க” என்று சிரிக்கத் தொடங்கிய மாமியார் பாதியில் நிறுத்தினார். கீழே எந்த மெஷினும் ஓடவில்லை.

“ஏனுங்க, நாளைக்குக் கோயமுத்தூர்ல காது டாக்டர்கிட்டப் போலாங்க” என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் மெக்கானிக் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, சத்தத்தை இன்னும் ஏற்றினார். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கூடிக் கடைசிவரை நிரம்பின. அதற்குப் பிறகும் அவர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

மகள் இன்னொரு கோனை மேலே வைத்தாள். அடுக்கு சாயவில்லை. தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.